மருந்து வைத்தவள்

என் அக்கா பொன்னழகு யார் யாரை அடித்தாள் என்று சொன்னாலே அவள் வாழ்க்கையைச் சொன்னதாகிவிடும். கட்டிய புருஷனை அடித்திருக்கிறாள். மாமியாரை அடித்திருக்கிறாள். கறிக்கடையில் அவள் இடுப்பில் கை வைக்கப் பார்த்த ஒரு ஆட்டுப் புரோக்கரை ஆட்டுத்தலையாலேயே முகத்தில் போட்டாள். அவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட ஓடியதை திண்டுக்கல் நாகல் நகரே நின்று பார்த்தது. என்னையும் அடித்திருக்கிறாள். அது நான் வாங்க வேண்டிய அடிதான், விடுங்கள். அவள் கை நீட்டாத ஒரே ஆள் அவள் மகள் ஜீவிதா. அந்தப் பிள்ளையைத்தான் போன வருஷம் சாவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று கேட்காதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவள் தம்பி பாண்டியராஜ், ஆட்டோ ஓட்டுகிறேன். கூடவே இருந்து பார்த்தவன் நான்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் வடமதுரைப் பக்கம். வெங்காயமும் கத்திரியும் போடுகிற குடும்பம். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காதும் டமாரச் செவிடு. அக்காவுக்கும் கல்யாணத்துக்கு முன்பே காது மந்தமாகிவிட்டது. அதனால் அவள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். பாதி நேரம் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்பாள்.

அவளை ஒச்சப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான், இவள் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆமாம், அப்போது வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். முதலில் ஒரு பையன் பிறந்தான். நடக்க ஆரம்பித்த பிறகு அவன் உடம்பு தேறவே இல்லை. ரெண்டடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். தின்றதெல்லாம் வாந்தி. பிறகு வலிப்பு. வாந்தி எடுக்கிற பிள்ளைக்குச் சோறு ஆகாது என்று மாமியார்க்காரி அவனை வெறும் வயிற்றோடு போட்டு வைத்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அந்தக் கிழவி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊர் கேட்கச் சொன்னாள்: "ஒன் வயிறு நல்ல வயிறு இல்லடி. அது விஷ வயிறு. இடுப்புல இருக்குறதையும் அது தின்னுப்புடும்."

இடுப்பில் இருந்தது ஜீவிதா, கைக்குழந்தை. அக்கா பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு, மூலையில் இருந்த உலக்கையை எடுத்துக் கிழவியின் தோளில் இறக்கினாள். காறை எலும்பு முறிகிற சத்தம் தெருவுக்குக் கேட்டதாம். ஒச்சப்பன் ஓடிவந்து அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்த நிலையில் கையில் அகப்பட்ட சொம்பால் அவன் வாயைப் பார்த்து அடித்தாள். முன்பல் கழன்று அவன் சட்டையில் விழுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினவள்தான், திரும்பிப் போகவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தானாம்.

திண்டுக்கல்லில் முகமது பாரூக் பாய் கறிக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆட்டுக்குடல் கழுவுகிற வேலை. சும்மா தண்ணீரில் அலசுகிற காரியம் இல்லை. குடலைக் குச்சியில் கோத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்ட வேண்டும். சாணிப்பச்சை முழுவதும் போகிறவரை கல்லுப்பு போட்டுக் கசக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பும் வெந்நீரும் விட்டுச் சுரண்ட வேண்டும். அவள் கழுவிய குடல் வேட்டி மாதிரி வெளுப்பாக இருக்கும். பிரியாணிக் கடைக்காரர்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். அந்தக் கர்வம் அவளுக்கு நிறைய உண்டு. குடலில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தால்கூட முகத்தில் வீசுவாள்.

அந்த வேலையே அவளுக்கு வேதமாகிவிட்டது. வயிற்றைச் சுத்தமாக வைத்திருந்தால் நோயே வராது என்பாள். ஜீவிதாவுக்கு மாசம் தவறாமல் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவாள். லேசாகக் காய்ச்சல் அடித்தால் மருந்துக்கடையில் தானே போய் வீரியமான மாத்திரையாக வாங்கி வந்து முழுங்க வைப்பாள். "கிருமியெல்லாம் சாகட்டும்டி" என்பாள். வேண்டாம் என்று நான் சொன்னால், "ஏலே, நீ ஆட்டோவ மட்டும் ஓட்டு" என்பாள்.

நானும் ஆட்டோ ஓட்டத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டேன், எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சந்து. அக்கா விடியும் முன்பே கடைக்குப் போய்விடுவதால் ஜீவிதா வளர்ந்ததெல்லாம் என் மனைவி பவித்ராவிடம். தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் இவள்தான். ஜீவிதா கல்லூரியில் சேர்ந்த வருஷம் உடம்பு இறங்க ஆரம்பித்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு கையும் காலும் குச்சியாகிவிட்டன. காலையில் தின்ற இட்லி சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும். பசி என்ற ஒன்றே அவளுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு நாள் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்தாள். அக்கா அன்று கடையிலிருந்து கை கழுவாமல் ஓடிவந்தாள். மூத்த பையன் போன வழி அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இவளும் போய்விடுவாளோ என்ற பயம் அன்றிலிருந்து அவள் தூக்கத்தைத் தின்றது.

மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். ஸ்கேன், ரத்தம், ஜீன் பரிசோதனை என்று எல்லாம் பார்த்துவிட்டு அந்தம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கரண்டு தயாரிக்கிற ஒரு சின்ன உறுப்பு இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு சொல்வோம். ஜீவிதாவுக்கு அதுல கோளாறு. மூளை, காது, குடல், எங்கெல்லாம் கரண்டு அதிகமா வேணுமோ அங்கெல்லாம் அடி விழும். இவளோட குடலுக்குச் சாப்பாட்டைத் தள்ளத் தெம்பு இல்ல. அதனால உள்ளேயே தேங்குது. தேங்கின இடத்துல வேண்டாத கிருமி பெருகுது, நமக்கு உழைக்கிற நல்ல கிருமி குறையுது."

அக்கா காதில் கை குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல கிருமியா?" என்றாள்.

"ஆமாம்மா. குடல்ல கோடிக்கணக்குல இருக்கு. நாம சாப்பிடுற நார்ச்சத்தை அதுங்க புளிக்க வச்சு, குடல் சுவத்துக்கே சாப்பாடு செஞ்சு குடுக்கும். நீங்க மாசாமாசம் பேதிக்குக் குடுத்து, கண்ட மாத்திரையும் குடுத்து அதுங்களக் கழுவி விட்டிருக்கீங்க."

"குடலக் கழுவுறதுதானம்மா என் பொழப்பு."

"அது செத்த ஆட்டோட குடல். இது உயிரோட இருக்கிற பிள்ளையோடது."

அந்தம்மா பொய் நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. இதைக் குணமாக்க மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். குடல் கிருமிகளைச் சீராக்கினால் இந்த நோய்க்கு எவ்வளவு உதவும் என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது, முழுசாகத் தெரியாது என்றார். "ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரியும். இவளப் பட்டினி மட்டும் போட்றாதீங்க. செத்த நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்ட்டே இருக்கணும். பட்டினி கெடந்தா இருக்கிற கரண்டும் நின்னுரும். பேதி, வாந்தி ரெண்டும் இவளுக்கு எமன்."

அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அந்தம்மா அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு எப்ப இருந்து காது கேக்கல? உங்க அம்மாவுக்கும் இப்படியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "இது அம்மா வழியாத்தான் பிள்ளைக்கு வரும்" என்றார். என்னைக் காட்டி, "இவருக்கும் இருக்கலாம், ஆனா இவர் பிள்ளைகளுக்குப் போகாது" என்றும் சொன்னார்.

பாதிப் பேச்சு காதில் விழாத அக்காவுக்கு அந்த ஒரு வரி மட்டும் தெளிவாக விழுந்தது. கிழவி சொன்ன அதே பேச்சு. மேஜையை அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் ஜக் உடைந்து சில்லு டாக்டரம்மாவின் புறங்கையைக் கிழித்தது. "என் வயித்தையாடி சொல்ற?" என்று கத்திக்கொண்டு பாய்ந்தவளை வாட்ச்மேனும் நானும் சேர்ந்து பிடித்தும் அடக்க முடியவில்லை. வாட்ச்மேன் கையைக் கடித்துவிட்டாள். கொடுத்திருந்த நார்ப்பொடி டப்பா, நல்ல கிருமி அடைத்த கேப்சூல், சத்து மாத்திரை எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். "என் புள்ள வயித்துல புழுப்பூச்சி வளக்கச் சொல்றா. இவ ஒரு டாக்டரு."

அவளை வெளியே தள்ளிவிட்டு நான் குப்பையில் கையை விட்டு அத்தனையும் பொறுக்கினேன். டாக்டரம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எதை எப்போது கொடுப்பது என்று எனக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தார். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. வீட்டுக்கு வந்து பவித்ராவிடம் கொடுத்தேன். தினமும் அக்கா கடைக்குப் போனதும் பவித்ரா அதை ஜீவிதாவுக்கு ரகசியமாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆகாதவர்கள் சோற்றுக்குள் வைத்துக் கொடுப்பது. அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் பச்சிலைச் சாறு கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, இந்தா பார் மருந்து என்று கையில் எடுத்துக் காட்டுவார்கள். அக்கா மதுரையிலிருந்து திரும்பியதும் இதைப் பிடித்துக்கொண்டாள். தன் வயிறு விஷ வயிறு என்பதை விட, எவளோ தன் பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டாள் என்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. வைத்தது யார் என்று தேடினாள். ஒச்சப்பன் வீட்டார் என்றாள். எதிர்வீட்டுக்காரி என்றாள், அவள் குடத்தை நடுச்சந்தில் போட்டு உடைத்தாள். எங்கள் சந்தில் பெண்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையில் ஜீவிதா கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். வாந்தி குறைந்திருந்தது. பவித்ரா வாழைக்காயை மசித்து, மோர்சாதத்தைக் குழைத்து, கேப்சூலைப் பிரித்து உள்ளே தூவி, குருவிக்குக் கொடுக்கிற மாதிரி ஊட்டுவாள். அக்காவோ தன் கும்பிடு பலித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் நேரத்தோடு வீடு திரும்பிவிட்டாள். நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தவள், பவித்ரா கேப்சூலைப் பிரித்துத் தூவுவதைப் பார்த்தாள்.

"என்னடி போடுற அதுல?" என்றாள்.

பவித்ரா பயந்துபோய் உள்ளதைச் சொன்னாள். "மாத்திரைன்னா துப்பிர்றா மதினி. அதான் சோத்துக்குள்ள மருந்த வச்சுக் குடுத்துட்டு வாரேன்."

எந்தக் கிறுக்கனாவது அந்த வார்த்தையை அந்த நேரத்தில் அவளிடம் சொல்வானா? ஆனால் வேறு எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். மருந்தை மருந்து என்றுதானே சொல்ல முடியும். சோற்றுக்குள் வைத்ததை வைத்தேன் என்றுதானே சொல்ல முடியும். அக்கா தேடிக்கொண்டிருந்த வாக்கியம் முழுசாக அவள் காதில் விழுந்துவிட்டது.

கிண்ணத்தைக் காலால் எத்தினாள். பவித்ராவின் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு இடுப்பில் மிதித்தாள். "பெத்த பிள்ளையா நம்பி விட்டேனேடி. உன் வீட்டுச் சோத்த நம்பி விட்டேனேடி." கரண்டியால் அடித்தாள், கரண்டி வளைந்துவிட்டது. அடுப்பிலிருந்து இரும்புத் தோசைக்கல்லை எடுத்து ஓங்கினாள். பவித்ரா தலையை மறைக்க வலது கையைத் தூக்கினாள். முன்கை எலும்பு ரெண்டாகப் போயிற்று. ஜீவிதா தாயின் காலைக் கட்டிக்கொண்டு, "அத்தைய விடும்மா, டாக்டர் குடுத்ததும்மா அது, அத்தைய விடும்மா" என்று கதறியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது கத்தத் தெம்பு ஏது. அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாசலில் வந்த ஏதோ ஒரு ஆட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

நான் வந்து பார்க்கும்போது பவித்ரா அடுப்படியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. அந்த நிலையிலும் அவள் சொன்னது இதுதான்: "என்னைய விடுங்க. அவ மத்தியானம் ஒரு வாய்தான் சாப்ட்டா. பட்டினி போடக்கூடாது, போய்த் தேடுங்க." எனக்கு அக்காவைக் கண்டதுண்டமாக வெட்ட வேண்டும் போல் வந்தது. பவித்ராவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். போலீஸ் கேஸாக்கட்டுமா என்று கேட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள், பைத்தியக்காரி. அதற்கப்புறம் ஊரெல்லாம் தேடினேன், ஆள் அகப்படவில்லை.

மறுநாள் காலையில் பாரூக் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பொன்னழகு போன் பண்ணுச்சுப்பா, இன்னைக்கு வரலையாம். வடமதுரைக்கு அங்கிட்டு பேச்சிமுத்துன்னு ஒருத்தன், மருந்து எடுக்கிறவன், அவன்ட்ட மகளக் கூட்டிட்டு வந்திருக்குதாம். யா அல்லா, நான் நல்ல காரியம்னுல நெனச்சேன்" என்றார். நான் ஆட்டோவை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

தோட்டத்து நடுவில் ஒரு தகரக் கொட்டகை. மருந்து எடுக்க வருகிறவர்கள் முதல் நாளே வந்து பட்டினி கிடக்க வேண்டும் என்பது அவன் சட்டம். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. நான் நுழையும்போது சாறு கொடுத்து முடிந்திருந்தது. ஜீவிதா பாயில் கவிழ்ந்து கிடந்து பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடியன் அவள் முதுகில் முட்டியை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். பேச்சிமுத்து வாந்திச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து அக்கா உள்ளங்கையில் வைத்தான். "இந்தாத்தா, உன் மக குடல்ல ஒட்டிக் கெடந்தது. மயிரும் சேத்து அரைச்சு வச்சிருக்கா பாதகத்தி."

அக்கா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காமல், பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். அது அவள் கையின் பழக்கம். எது கிடைத்தாலும் கழுவிவிடும். கறுப்புச் சாயம் கரைந்து ஓடியது. உள்ளே இருந்தது பிரிந்து விரல்களில் படர்ந்தது. சுருட்டை சுருட்டையான வெள்ளை மயிர்.

செம்மறிகள் ஒன்றையொன்று நக்கும்போது மயிரை முழுங்கிவிடும். அது வயிற்றுக்குள் உருண்டு உருண்டையாகும். குடல் கழுவுகிறவர்கள் அதைப் பார்க்காத வாரமே கிடையாது. பொன்னழகு அந்த உருண்டைகளைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டியவள்.

அவள் எழுந்தாள். பேச்சிமுத்துவின் தாடையை ஒரு கையால் பிடித்துப் பிளந்து அந்த மயிரை அவன் தொண்டைக்குள் திணித்தாள். "தின்னுடா. ஆட்டு வயித்துல கெடந்தத எம்புள்ள வயித்துல கெடந்ததுன்ட்டு காமிச்சேல்ல. தின்னு." அவன் மூச்சு முட்டிக் கையைக் காலை உதறினான். வாளியை எடுத்து அவன் மண்டையில் அடித்தாள். காது கிழிந்து தொங்கியது. மறுபடி அடித்தாள். தடியன் என் மேல் பாய்ந்து கம்பால் விலாவில் போட்டான். நான் அவன் கையைக் கடித்துக் கம்பைப் பிடுங்கி முட்டியைப் பார்த்து வீசினேன். அவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

அப்போதுதான் பாயைப் பார்த்தேன். ஜீவிதாவின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகிவிட்டது.

"அக்கா, பிள்ளையப் பாரு" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை, பேச்சிமுத்துவின் நெஞ்சில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவள் உதடு கிழிந்தது. அதற்காக எனக்கு இன்றுவரை துளி வருத்தமும் இல்லை. அவள் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதுரை டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் நடந்தது. வலிப்புக்கு எல்லா மருந்தும் இவளுக்கு ஆகாது என்று அந்தம்மா முன்கூட்டியே சொல்லி நிறுத்தினார். சாயங்காலம் அவரே வந்துவிட்டார், புறங்கையில் அந்தத் தழும்போடு. உயிர் நிற்கும் என்றார். மூளையில் பக்கவாதம் போல வந்திருக்கிறது, வலது பக்கப் பார்வை போய்விட்டது, அது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். குடல் இருந்த கொஞ்சநஞ்ச நல்லதையும் கொட்டிவிட்டது, மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். நான் பயந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "என் வயித்துல இருந்துதான் வந்துச்சா, தாயி? மூத்தவனுக்கும்?"

"ஆமா, உங்க வழியாத்தான் வந்திருக்கு. ஆனா அது உங்க தப்பு இல்ல. உங்க அம்மா தப்பும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

முதல் பாதிதான் அவளுக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். இரண்டு கை முஷ்டியாலும் தன் அடிவயிற்றில் குத்த ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, குத்திக்கொண்டே இருந்தாள். நர்சுகள் பிடித்தார்கள். உதறிவிட்டு மறுபடி குத்தினாள். நான் அவள் பின்னால் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் குத்திய குத்து என் கை மேல் விழுந்தது. விரல் வீங்கிவிட்டது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்றோ, அடக்க முடியாமல் அழுதேன்.

பல நாள் குழாய் வழியாகத்தான் ஜீவிதாவுக்குச் சாப்பாடு போனது. பிறகு வாய் வழியாக ஆரம்பிக்கலாம் என்றார்கள். அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்து, குதிரைவாலிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, மோர் விட்டு, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா கொடுத்த நார்ப்பொடியை அவளே கேட்டு வாங்கிக் கலந்தாள். பவித்ரா கையில் மாவுக்கட்டோடு ஓரமாக ஸ்டூலில் இருந்தாள். அவளிடம் அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து கரண்டியில் கஞ்சி எடுத்து மகள் வாயருகே கொண்டுபோனாள்.

ஜீவிதா வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு வாய் கண்ணு. பட்டினி கெடக்கக் கூடாதுன்னுருக்காக."

ஜீவிதாவுக்குப் பேச்சு இன்னும் குழறியது. ஆனால் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. "அத்தை கைய ஒடைச்ச கை அது. அந்தக் கையால எனக்கு ஊட்டாத."

"என்னைய அடி கண்ணு. செருப்பக் கழட்டி அடி. இத மட்டும் குடிச்சிரு."

ஜீவிதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கரண்டி அங்கேயே நின்றது. கஞ்சி சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழுந்தது. ஒச்சப்பனின் பல்லைக் கழற்றியவள், பேச்சிமுத்துவின் காதைக் கிழித்தவள், அந்தக் குச்சி உடம்புக்கு முன்னால் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தாள். நர்சு வந்து, சீக்கிரம் ஏதாவது உள்ளே போகணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா எழுந்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பவித்ராவின் இடது கையில் வைத்தாள். "நீ குடு" என்றாள். வெளியே போய்விட்டாள். பவித்ரா கட்டுப்போட்ட கையில் கிண்ணத்தை அணைத்து வைத்துக்கொண்டு, இடது கையால் தடுமாறித் தடுமாறி ஊட்டினாள். ஜீவிதா முழுங்கினாள்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஜீவிதா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வலது பக்கத்தில் எதுவும் தெரியாது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வாந்தி நின்றிருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டரம்மாவே சொல்வதில்லை. இன்றைக்கு நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான். அக்கா இன்னும் குடல் கழுவப் போகிறாள். நடுநடுவே பாயிடம் சொல்லிவிட்டு ஓடிவந்து சமைக்கிறாள். வாழைக்காய், கஞ்சி, வேகவைத்த கேரட், உறைமோர். விளக்கெண்ணெய்ப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். "பிள்ளைக்குக் கொஞ்சம், கிருமிக்குக் கொஞ்சம்னு வச்சிருக்கேன்" என்று தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டுவாள். பேச்சிமுத்து கேஸ் போட்டிருக்கிறான், வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்கிறாள். யார் மேலும் கை வைத்ததாகத் தகவல் இல்லை.

நேற்று மத்தியானமும் வந்தாள். உள்ளே பவித்ரா ஊட்டிக்கொண்டிருந்தாள். பவித்ரா என்றைக்கோ மன்னித்துவிட்டாள், அவளுக்கு அது வரும். ஜீவிதா மன்னிக்கவில்லை. அக்கா வாசல் சுவரை ஒட்டி, ஜீவிதாவுக்குப் பார்வை இல்லாத பக்கமாக நின்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எம்புட்டு நாளைக்குக்கா வெளியவே நிப்ப? உள்ள வந்து பக்கத்துல உக்காரு. என்ன பண்ணிருவா?" என்றேன்.

"வேணாம்டா, சாப்புடட்டும்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "என்னையப் பாத்தா பாதியில வச்சிருவா."